ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு எத்தனை மணி நேரம்?

"இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் போனால் எவ்வளவு நேரம்?" இணையத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே பக்கங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எந்த ரெண்டு ஊரைக் கொடுத்தாலும் பதில் ரெண்டே எண்கள்தான்: கிலோமீட்டரில் ஒன்று, மணி-நிமிடத்தில் ஒன்று. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே எழுத்தளவில், ஒரே தன்னம்பிக்கையோடு நிற்கும்.

ஒரு புத்தகத்தை விமர்சிப்பது மாதிரி இந்த ரெண்டு வரிப் பதிலை எடுத்து விமர்சிப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. என் வாதம் சுருக்கமாக இதுதான்: முதல் எண் பூமியைப் பற்றியது, ரெண்டாவது எண் அரசாங்கங்களையும் காற்றையும் பற்றியது. முதல் எண்ணை ஒரு வேகத்தால் வகுத்து ரெண்டாவதைக் கொண்டுவருவது, வாசகரிடம் ஒரு பெரிய சேதியை மறைக்கிறது. இதைக் காட்ட ஹெல்சின்கி–டோக்கியோவை விடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

முதல் எண்: குறை சொல்ல அதிகம் இல்லை

ஹெல்சின்கி விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 7,830 கி.மீ. இது பெருவட்டத் தூரம். ஒரு உலக உருண்டையை எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் போகுமோ, அந்த வழியின் நீளம்.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது கஜகஸ்தான், மங்கோலியா வழியாகப் போகும். நூல் அப்படிப் போகாது. ஹெல்சின்கியிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, ஆர்க்டிக் வட்டத்தையும் லேசாகத் தாண்டி, சுமார் 67 பாகை வட அட்சரேகை வரை ஏறி, பிறகு சைபீரியாவின் குறுக்கே சரிந்து ஜப்பானுக்கு இறங்கும். தெற்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் வடக்கே போவது விநோதமாகத் தோன்றலாம். உருண்டையில் குறுக்கு வழி அப்படித்தான்.

இந்தத் தூரத்தைக் கணக்கிடுவதில் இந்தப் பக்கங்கள் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு ஹாவர்சைன் சூத்திரத்தில் போடுவது ஒரு வழி. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. நடுவரை ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. அதையும் கணக்கில் எடுக்க 1975-ல் வின்சென்டி கொடுத்த முறை இருக்கிறது. "நாங்கள் வின்சென்டி முறையைப் பயன்படுத்துகிறோம்" என்று பெருமையாக அறிவிக்கும் பக்கங்கள் உண்டு.

நல்லது. ஆனால் ரெண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் அரை சதவீதம். நம் ஜோடிக்கு 40 கி.மீ.க்கு உள்ளே. விமானம் அதை மூணு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். இந்த மூணு நிமிஷத்தை நினைவில் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

ரெண்டாவது எண்: எப்படிச் செய்யப்படுகிறது

நேரத்துக்கான சூத்திரம் ரொம்ப எளிது. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் சேர்த்தால் முடிந்தது. ஹெல்சின்கி–டோக்கியோவுக்குப் போட்டுப் பார்த்தால் 10 மணி 17 நிமிடம் வருகிறது. 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளும் பக்கத்தில் 9 மணி 12 நிமிடம். ஆக, சூத்திரத்துக்குள் போடும் வேகம் ஒன்றே ஒரு மணி நேரத்துக்கு மேல் விடையை மாற்றிவிடுகிறது. இருந்தும் விடை நிமிடக் கணக்கில்தான் வரும்.

இந்தச் சூத்திரம் எங்கேயும் உதவாது என்று சொல்ல மாட்டேன். சென்னை–சிங்கப்பூர் தூரம் சுமார் 2,930 கி.மீ. சூத்திரம் 4 மணி 10 நிமிடம் என்கிறது. அட்டவணையில் இருக்கும் நேரமும் நாலு, நாலரை மணிதான். நடுவில் வங்காள விரிகுடா, பெரிய அரசியல் தகராறு எதுவும் இல்லை, தூரமும் நடுத்தரம். இப்படிப்பட்ட வழிகளில் இது நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் அந்த ஒரே ஒரு வகுத்தலுக்குள் சொல்லாமல் விட்ட மூணு அனுமானங்கள் இருக்கின்றன. வானம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எந்த விமானத்தாலும் எந்த வழியிலும் பறக்க முடியும். காற்று அசையாமல் நிற்கிறது. நீண்ட தூரத்தில் இந்த மூணுமே பொய்யாகலாம்.

1983-ம் 2022-ம்

நூல் போகும் வழியை மறுபடி பாருங்கள். ஹெல்சின்கி–டோக்கியோ பெருவட்டத்தின் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலேதான் போகிறது. அதாவது இந்த 7,830 கி.மீ.யின் சாவி மாஸ்கோவில் இருக்கிறது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்பது 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் சரத்து. கூடவே, ஒருவர் வானத்தில் மற்றவர் இறங்காமல் கடந்து போக அனுமதிக்கும் தனி உடன்பாடு ஒன்றும் அப்போது எழுதப்பட்டது. சோவியத் யூனியன் அதில் சேரவில்லை, ரஷ்யாவும் சேரவில்லை. எனவே சைபீரியாவுக்கு மேலே பறப்பது உரிமை என்ற கணக்கில் வராது. பேரம் பேசி, காசு கொடுத்து வாங்க வேண்டிய சலுகை அது.

பனிப்போர்க் காலத்தில் அந்தச் சலுகை லேசில் கிடைக்காது. 1957-ல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக, வடதுருவப் பகுதியைக் கடந்து சேவை தொடங்கியது. இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று ஊர் ஊராக இறங்கி ஏறிப் போன பழைய தெற்கு வழியோடு ஒப்பிட்டால் அது பெரிய சுருக்கம். பிறகு பல ஆண்டுகள் ஐரோப்பா–ஜப்பான் பயணம் என்றாலே நடுவில் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது.

1983-ல் ஃபின்ஏர் ஒரு படி மேலே போனது. டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தி, ஹெல்சின்கியிலிருந்து நேராக வடக்கே ஏறி, துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சோவியத் கரைக்கும் நடுவிலுள்ள பெரிங் நீரிணை வழியாக இறங்கி, எங்கேயும் நிற்காமல் டோக்கியோ போய்ச் சேர்ந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் பறந்த முதல் நிறுவனம் அதுதான். பயண நேரம் சுமார் 13 மணி.

அதே 1983 செப்டம்பர் 1-ம் தேதி, ஆங்கரேஜிலிருந்து சோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போனது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. இறந்தவர்கள் 269 பேர். வானத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்பது எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சோவியத் யூனியனின் கடைசி ஆண்டுகளிலும் அது கலைந்த பிறகும் சைபீரிய வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஹெல்சின்கி–டோக்கியோ நேரம் ஒன்பதரை மணிக்கு வந்தது. ஃபின்ஏர் இதை வைத்தே தன் வியாபாரத்தைக் கட்டியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குக் குறுக்கு வழி எங்கள் ஊர் வழியாகத்தான் என்பது அவர்கள் விளம்பரம், அது உண்மையும்கூட. பூகோளமே அவர்களுக்குக் கொடுத்த முதலீடு மாதிரி தெரிந்தது. சூத்திரக்காரர்கள் சந்தோஷப்பட்ட காலமும் இதுதான். கணக்கும் நிஜமும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. சில நாட்களில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யா பதிலுக்கு 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது, பின்லாந்து அதில் ஒன்று. ஃபின்ஏர் டோக்கியோ சேவையைச் சில நாள் நிறுத்தி, மார்ச் மாதம் மறுபடி தொடங்கியது. எந்த வழியில்? துருவம் வழியாக. எத்தனை மணி நேரம்? ஏறக்குறைய 13.

39 வருஷம். மூணு எஞ்சின் டிசி-10 போய், ரெண்டு எஞ்சின் ஏர்பஸ் ஏ350 வந்துவிட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்துவிட்டது. பயண நேரம் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு நினைவாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

துருவப் புள்ளியையும் பெரிங் நீரிணையையும் தொட்டு, அங்கிருந்து டோக்கியோவுக்கு நூலை இறுக்கிப் பிடித்தாலே 10,600 கி.மீ.க்கு மேல் வருகிறது. கம்சாட்கா கரையை விட்டு விலகிப் பறக்க வேண்டியிருப்பதால் உண்மைப் பாதை இன்னும் நீளம். தெற்கு வழியும் உண்டு: கீழே இறங்கி, காகசஸ், காஸ்பியன், மத்திய ஆசியா, சீனா, கொரியா என்று சுற்றிப் போவது. இரண்டு வழிகளில் எது என்பது அன்றன்றைய காற்றைப் பொறுத்தது.

இப்போது அந்த மூணு நிமிஷத்துக்கு வருவோம். பூமியின் தட்டையைக் கணக்கில் எடுத்து மூணு நிமிஷப் பிழையைத் திருத்திக்கொள்ளும் பக்கம், ரஷ்ய வான்வெளியைக் கணக்கில் எடுக்காமல் மூணு மணி நேரம் அளவுக்குப் பிழை விடுகிறது. துல்லியத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதில்தான் தவறு. காலணாவை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, கட்டு நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி.

எந்தக் கொடி என்பதும் கேள்வி

"சரி, 2022-க்குப் பிறகு நேரம் 13 மணி என்று மாற்றிவிட்டால் போச்சு" என்று தோன்றலாம். அதுவும் போதாது. ரஷ்யா எல்லோருக்கும் மூடவில்லை. சீன நிறுவனங்கள் தொடர்ந்து ரஷ்யா வழியாகப் பறந்தன. எனவே பெய்ஜிங்–லண்டன் என்ற ஒரே ஜோடிக்கு ரெண்டு நேரங்கள் உண்டாயின: சீன விமானத்தில் ஒன்று, பிரிட்டிஷ் விமானத்தில் அதைவிட நீண்ட வேறொன்று. 2024 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன்–பெய்ஜிங் சேவையை நிறுத்திவைத்தது. ஒரே வியாபாரத்தில் ஒருவருக்குக் குறுக்கு வழியும் இன்னொருவருக்குச் சுற்று வழியும் என்றால் போட்டி எப்படி நடக்கும்?

ஏர் இந்தியாவுக்கும் ரஷ்ய வானம் திறந்தே இருந்தது. அமெரிக்க நிறுவனங்கள் சுற்றிப் போக, இது நேராகப் போனது. அந்தச் சலுகைக்கும் ஒரு விலை உண்டு என்று 2023 ஜூன் 6 காட்டியது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள மகதானில் இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள், மாற்று விமானம் வரும்வரை அந்தச் சின்ன ஊரில் தங்க வேண்டியதாயிற்று. வழியின் நேரத்தை மட்டும் சொல்லும் எண்ணுக்கு, வழியில் இறங்க நேர்ந்தால் எங்கே இறங்குவோம் என்பது தெரியாது.

2025 ஏப்ரலில் நிலைமை தலைகீழ். பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்த பதற்றத்தில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. அதே டெல்லியிலிருந்து அதே ஐரோப்பிய ஊருக்கு வெளிநாட்டு விமானத்தில் ஏறினால் அந்தத் தடை இல்லை. ஆக, "டெல்லி–லண்டன் எவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு, "எந்த நாட்டு விமானம், எந்த மாதம்?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

காற்று

அரசியலை ஒதுக்கிவிட்டாலும் கணக்கு நேராகாது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. இதை முதலில் முறையாக அளந்து எழுதியவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில், டோக்கியோவுக்கு வடக்கே தடேனோவில் பலூன் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். விளைவு, ரொம்ப நாள் யாரும் படிக்கவில்லை.

அந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு டெல்லி–சான் பிரான்சிஸ்கோ நல்ல உதாரணம். பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா இந்தச் சேவையை 2015 டிசம்பரில் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாக, ஏறக்குறைய 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் வழியை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாகப் போனது. தூரம் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல். நேரம்? பதினாலரை மணி. பழைய வழியைவிட ரெண்டு மணி நேரம் அளவுக்குக் குறைவு.

15,300-ஐ பதினாலரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. விமானம் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் 900-ஐ ஒட்டித்தான். மிச்சத்தைக் காற்று தள்ளியிருக்கிறது. நம் சூத்திரத்தில் 15,300-ஐப் போட்டால் 19 மணி 37 நிமிடம் என்று சொல்லும்! திரும்பி வரும்போதும் விமானம் கிழக்காகவே, அட்லாண்டிக் பக்கமாக வரும் என்றால், போய்வந்த பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்பார். 2022-க்குப் பிறகு ஜப்பான் ஏர்லைன்ஸின் டோக்கியோ–லண்டன் சேவையிலும் இதே கதை நடந்தது. போகும்போது அலாஸ்கா, கனடா வழியாகக் கிழக்கே. வரும்போது துருக்கி, மத்திய ஆசியா வழியாக மறுபடி கிழக்கே.

ஆனால் பக்கங்களில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றுதான். ஊர்ப் பெயர்களைத் திருப்பிப் போட்டாலும் எண் மாறாது. ரஷ்யா திறந்திருந்த காலத்திலேயே டோக்கியோவிலிருந்து ஹெல்சின்கிக்குத் திரும்புவது போவதைவிட நீளம்.

"இதெல்லாம் தோராயம்தானே?"

நியாயமான மறுப்பு. சும்மா தெரிந்துகொள்ள ஒருவர் தேடுகிறார், அவருக்கு எதற்கு ரஷ்யாவும் ஜெட் ஸ்ட்ரீமும்? என் பதில் ரெண்டு.

ஒன்று, தோராயம் தோராயமாகத் தெரிய வேண்டும். "பத்து மணி நேரம் போல ஆகும்" என்றால் கேட்பவர் எச்சரிக்கையாக இருப்பார். "10 மணி 17 நிமிடம்" என்றால் யாரோ கடிகாரம் வைத்து அளந்ததாக நினைப்பார். அந்த 17 நிமிடம் வெறும் வகுத்தல் மீதி.

ரெண்டு, இந்த எண்களைச் சும்மா தெரிந்துகொள்பவர்கள் மட்டும் பயன்படுத்துவதில்லை. வயதான பெற்றோரைத் தனியாக ஏற்றி அனுப்புகிறவர், மருந்து வேளையைத் திட்டமிடுகிறவர், அடுத்த விமானத்தைப் பிடிக்க இடைவெளி கணக்குப் போடுகிறவர் எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள். இன்னும் பெரிய இடத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரு பயணத்தின் கார்பன் வெளியேற்றத்தைக் கணக்கிட, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு நீண்டகாலம் பயன்படுத்திய முறை, பெருவட்டத் தூரத்தோடு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்ப்பது. 5,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கு அந்தத் திருத்தம் 125 கி.மீ. ஹெல்சின்கி–டோக்கியோ துருவ வழியில் கூடுகிற தூரமோ குறைந்தது 2,800 கி.மீ. அந்த வித்தியாசத்துக்கான எரிபொருள் எரியத்தான் செய்கிறது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஏறுவதில்லை.

பதில் எப்படி இருந்திருக்கலாம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. இதே ரெண்டு வரியை இப்படி எழுதலாம்: "பெருவட்டத் தூரம் 7,830 கி.மீ. ரஷ்யா வழியாகப் போனால் ஒன்பதரையிலிருந்து பத்தரை மணி. ரஷ்ய வான்வெளி மூடியிருக்கும் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13 மணி. திசையையும் பருவத்தையும் பொறுத்து மாறும்." கூடவே எந்த மாதத்து நிலவரம் என்று ஒரு தேதி. நாலு வரிதான் ஆகிறது. வின்சென்டி முறையை எழுதத் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை.

அதுவரைக்கும் தேடுகிறவர் தானே சரிபார்க்க ஒரு வழி: விமான நிறுவனத்தின் அட்டவணையைத் திறந்து, புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் எடுத்து, நேர மண்டல வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் குளிர்காலத்தில் வித்தியாசம் 7 மணி, கோடையில் 6. பின்லாந்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள், ஜப்பானில் மாற்றுவதில்லை. வருவது வாசலை விட்டு நகர்வதிலிருந்து வாசலில் வந்து நிற்பதுவரைக்குமான நேரம், ஓடுபாதையில் ஊர்ந்து போவதும் அதற்குள் அடக்கம். பயணம் செய்கிறவருக்கு வேண்டியதும் அதுதான். போவதற்கு ஒரு தடவை, வருவதற்கு ஒரு தடவை, ரெண்டு வேறு நாட்டு நிறுவனங்களுக்கு என்று போட்டுப் பார்த்தால், ஒரே ஜோடி ஊருக்கு நாலு விடை கிடைக்கும். நாலும் சரியான விடைகள்தான்.